கவுன்ட், சம், ஆவரேஜ்: பார்ட்டிஷன்களாகப் பிரிந்த தரவுத்தளத்தில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மணிமுத்தாறு எழுதியது:

மைக்ரோசாஃப்டின் மேகத் தரவுத்தளமான காஸ்மோஸ் டிபி, அதில் பல பார்ட்டிஷன்களில் (தரவைப் பிரித்து வைக்கும் பகுதிகளில்) பரவிக் கிடக்கும் ஆர்டர்கள். இதற்கு மேல் பின்னணி தேவையில்லை, இங்கே வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். வாடிக்கையாளரிடம் இருந்த அறிக்கைக் கருவி பழையது. அதன் மொழிக்கு எஸ்டிகே (தரவுத்தளத்தோடு பேசும் ஆயத்த நூலகம்) இல்லாததால் ரெஸ்ட் வழியாக, அதாவது வெறும் ஹெச்டிடிபி கோரிக்கைகளாக, நேரடியாகப் பேசும். பார்ட்டிஷன் வரம்புகளின் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் "செலக்ட் வேல்யூ கவுன்ட்(1)" என்ற, எண்ணிக்கை கேட்கும் க்வெரியை (வினவலை) அனுப்பி, வரும் எண்களைக் கூட்டித் திரையில் காட்டும்.

மாதக் கூட்டத்தில் கிடங்கு மேலாளர், மொத்த ஆர்டர் எண்ணிக்கையை இன்னொரு முறை காட்டச் சொன்னார். புதுப்பித்தோம், எண் குறைந்தது. மறுபடியும் புதுப்பித்தோம், கூடியது. ஆனால் முதலில் வந்ததை எட்டவில்லை. ஆர்டர் எதையும் யாரும் நீக்காத நேரம் அது. அவர் சத்தம் போடவில்லை. மூன்று எண்களையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "இதில் எதை நான் முதலாளியிடம் சொல்வது?" என்றார்.

காரணம் கன்டினியூவேஷன் டோக்கன். ஒரே பார்ட்டிஷனுக்குள்கூட கவுன்ட் ஒரு பக்கத்தில் (ஒரே பதிலில்) முடிந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கத்துக்கு 5 விநாடிதான் உச்சவரம்பு. அதற்குள் எண்ணியதைத் தந்துவிட்டு, மீதி இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஹெட்டரில் (பதிலின் தலைப்பகுதியில்) டோக்கனை வைத்து அனுப்பும். பதிலின் நிலை 200, அதாவது வெற்றி. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. கருவியை எழுதிக்கொடுத்தவர்கள் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தார்கள். சுமை ஏற இறங்க, 5 விநாடிக்குள் எண்ணி முடித்த அளவும் ஏறி இறங்கியது. எஸ்டிகே இருந்தால் பக்கங்களைத் தானே கூட்டிக்கொள்ளும், ரெஸ்ட் என்றால் கூட்டுவது நம் பொறுப்பு என்று கையேடு சொல்கிறது. இருந்தாலும் பாதி எண்ணிக்கை பார்ப்பதற்கு முழு எண்ணிக்கையைப் போலவே இருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

உப்பளம் எழுதியது:

எனக்கு எண் மாறவில்லை, எண்ணே வரவில்லை. அதே காஸ்மோஸ்தான். தணிக்கைக்காக ஆண்டு வசூலைக் கூட்டச் சொன்னார்கள். "செலக்ட் வேல்யூ சம்(சி.தொகை)". திரும்பி வந்தது வெறும் சதுர அடைப்புக்குறி. பூஜ்யம் என்றால் வசூல் இல்லை என்று பொருள் கொள்ளலாம், பிழை என்றால் அதைத் தேடலாம். வெறுமையை என்ன செய்வது?

பார்ட்டிஷன் கீ (ஆவணம் எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்று தீர்மானிக்கும் புலம்) மாவட்டம். எனவே மாவட்டம் மாவட்டமாக ஓட்டினோம். எல்லாவற்றுக்கும் தொகை வந்தது, ராமநாதபுரத்துக்கு மட்டும் அதே வெறுமை. தொகை எண்ணாக இல்லாத ஆவணத்தைக் கேட்டபோது ஒன்றே ஒன்று வந்து நின்றது. தொகை: "1,250". மேற்கோள் குறிக்குள், காற்புள்ளியோடு. வசூல் செய்பவர்கள் கையில் வைத்திருக்கும் கருவியின் புதிய பதிப்பு அப்படி எழுதியிருந்தது. ஒரு மாநிலத்தின் ஓராண்டுக் கூட்டுத்தொகையை அந்த ஒற்றைச் சரம் (எழுத்துத் தொடர்) இல்லாமல் ஆக்கிவிட்டது.

விதி இதுதான்: சம், ஆவரேஜ் இரண்டிலும் சரமோ, பூலியனோ (ஆம்/இல்லை மதிப்பு), நல்லோ (வெற்று மதிப்பு) ஒன்று கலந்தால் மொத்த விடையும் வரையறை இல்லாததாகிவிடும். அந்தப் பண்பே இல்லாத ஆவணத்தை மட்டும் அது சும்மா தாண்டிப் போகும். இல்லாததை மன்னிக்கிறது, தவறான வகையை மன்னிப்பதில்லை. யோசித்தால் நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. தவறான தொகை வருவதைவிட எதுவும் வராமல் போவது மேல்.

குறிஞ்சி இரவு எழுதியது:

மணிமுத்தாறு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பாதி எண்ணிக்கை முழு எண்ணிக்கையைப் போல இருக்கிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். டோக்கன் கூடவே வருகிறதே! அதைப் படிக்காதவர் எழுதிய கருவிக்குத் தரவுத்தளம் என்ன செய்யும்? மேலும், காஸ்மோஸ் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. எல்லாப் பார்ட்டிஷன்களையும் தொடும் கவுன்டை ரெஸ்ட்டில் அப்படியே அனுப்பினால், கேட்வே (கோரிக்கைகளை வாங்கும் நுழைவாயில்) நேரடியாகத் தர முடியாது என்று 400 பிழை சொல்லித் திருப்பிவிடும். உங்கள் கருவியை எழுதியவர்கள் அந்தத் தடையைப் புரிந்துகொண்டு, பார்ட்டிஷன் வாரியாகப் பிரிக்கும் வரை போயிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போனவர்களுக்கு டோக்கன் தெரியாமல் இருந்திருக்காது.

எண் சொல்லிவிட்டு எச்சரிக்கவே எச்சரிக்காத இடத்தை நான் பார்த்திருக்கிறேன். மோங்கோ டிபி என்ற இன்னொரு தரவுத்தளம், ஷார்டு செய்த (பல சர்வர்களில் பிரித்து வைத்த) கிளஸ்டர். கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு அச்சடிக்க உறுப்பினர் எண்ணிக்கை கேட்டார்கள். நிபந்தனை எதுவும் இல்லாத கவுன்ட் கொடுத்த எண் அச்சகத்துக்குப் போனது. பட்டியலை வைத்துப் பெயர் பெயராகச் சீட்டைப் பிரித்தபோது ஒரு கட்டு மிஞ்சியது. தேர்தலில் சீட்டு மிஞ்சினால் என்ன பேச்சு கிளம்பும் என்று நான் சொல்லத் தேவையில்லை. செயலாளர் அந்தக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "இவை யார் பெயருக்கு?" என்று கேட்டார். அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவை யார் பெயருக்கும் உரியவை அல்ல. ஒரு ஷார்டிலிருந்து இன்னொன்றுக்குத் துண்டுகள் இடம்பெயரும்போது ஏதாவது தடைப்பட்டால் பழைய இடத்தில் அனாதை ஆவணங்கள் தங்கிவிடும். சாதாரணத் தேடலில் அவை வடிகட்டப்படும். நிபந்தனையற்ற கவுன்ட் மெட்டாடேட்டாவை (தரவுத்தளம் தனியே வைத்திருக்கும் குறிப்பை) நம்புவதால் அவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடும். கவுன்ட்டாக்குமென்ட்ஸ் என்ற கட்டளை உண்மையாகவே எண்ணும், அதனால் நேரம் எடுக்கும். கூட்டத்தில் நான் இதை எவ்வளவோ விளக்கியும் சிலர் முகத்தில் சந்தேகம் போகவில்லை.

மணிமுத்தாறு எழுதியது:

குறிஞ்சி இரவு அவர்களே, டோக்கன் வருகிறது, மறுக்கவில்லை. அது ஹெட்டரில் வருகிறது, எண் உடலில் வருகிறது. மேலாளர் பார்ப்பது உடலை மட்டும்தான். நான் குற்றம் சாட்டுவது தரவுத்தளத்தை அல்ல. எண்ணைக் காட்டுகிற எந்தத் திரையும், அது முடிந்த எண்ணா முடியாத எண்ணா என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்கிறேன்.

நூல்கண்டு எழுதியது:

நீங்கள் இருவரும் விடை சரியா தவறா என்று வாதிடுகிறீர்கள். எங்களுக்கு விடை சரியாகவே வந்தது. அதற்குக் கொடுத்த விலைதான் என்னை விடாமல் துரத்துகிறது.

தீபாவளிக்கு முந்தைய மாலை, ஜவுளிக்கடை. பில் போடுகிற அதே காஸ்மோஸ் கண்டெய்னரில் (ஆவணத் தொகுப்பில்), தலைமை அலுவலகத்தில் ஒருவர் வடிகட்டி எதுவும் இல்லாமல் அன்றுவரையிலான மொத்த விற்பனையைக் கேட்டுவிட்டார். அந்த க்வெரி எல்லாப் பார்ட்டிஷன்களுக்கும் ஒரே நேரத்தில் போனது. ஒதுக்கிய ஆர்யூ (விநாடிக்கு இவ்வளவு என்று வாங்கும் செயல்திறன் அலகு) பௌதிகப் பார்ட்டிஷன்களுக்குச் (உண்மையான சேமிப்புப் பகுதிகளுக்குச்) சமமாகப் பிரியும் என்பது உங்களுக்குத் தெரியும். 40,000 வாங்கி 8 பார்ட்டிஷன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 5,000தான். கூட்டல் அதை விழுங்கியது. பில்களுக்கு 429 (வரம்பு தாண்டிவிட்டது, பிறகு முயல்க என்ற பிழை) வரத் தொடங்கியது.

கொடுமை என்னவென்றால், பில் போடும் பெண்களுக்கு அது பிழையாகவே தெரியவில்லை. டாட்நெட் எஸ்டிகே 429 கண்டால், வேறு அமைப்பு தராதபோது, 9 முறை வரை, மொத்தம் 30 விநாடி வரை காத்திருந்து தானே மறுபடி முயலும். எனவே திரை சுழன்றுகொண்டே இருந்தது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. ஒரு பெரியவர், பேரப்பிள்ளைகளுக்கு எடுத்த பாவாடை சட்டைகளை எல்லாம் மடித்து மேசையில் வைத்துவிட்டு, "கடைசி பஸ் போய்விடும், தாயி" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். அவர் எந்த ஊர் என்றுகூட எவருக்கும் தெரியாது.

பழைய டிபிஏ எழுதியது:

என் அனுபவம் சிறியது. மாதத்தைப் பார்ட்டிஷன் கீயாக வைத்த ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டேன். மாதக் கூட்டல் மின்னலாக வந்தது, ஆனால் நடப்பு மாதத்தின் எழுத்து முழுவதும் ஒரே பார்ட்டிஷனில் குவிந்து திணறியது. மற்றவை சும்மா கிடந்தன.

இதைப் படிக்கிற இளையவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கீயைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தக் கூட்டலை அடிக்கடி கேட்பீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு தருக்கப் பார்ட்டிஷனுக்கு (ஒரே கீ மதிப்புள்ள ஆவணங்களுக்கு) 20 ஜிபிதான் எல்லை. ஒரு பௌதிகப் பார்ட்டிஷனுக்கு 50 ஜிபி, விநாடிக்கு 10,000 ஆர்யூ. இந்த எண்களைத் தெரிந்துகொள்ளாமல் வடிவமைப்பில் இறங்காதீர்கள். கடை எண்ணையும் மாதத்தையும் இணைத்துச் செயற்கைக் கீ செய்யலாம். இப்போது மூன்று அடுக்கு வரை படிநிலைக் கீயும் வைக்கலாம். குரூப் பை (வகைவாரியாகப் பிரித்துக் கூட்டுவது) 2019இல் வந்துவிட்டது, அதற்கு முந்தைய பழக்கத்தில் எல்லா ஆவணங்களையும் இறக்கிக் கையால் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். நூல்கண்டு சொன்ன மாதிரி இடத்தில் கூட்டலே ஓடக்கூடாது. பகுப்பாய்வுக்குத் தனி நகல் வையுங்கள். அல்லது சேஞ்ச் ஃபீடைக் (ஆவண மாற்றங்களை வரிசையாகத் தரும் ஓடையை) கேட்டுக்கொண்டு, ஆவணம் வர வர ஒரு எண்ணி ஆவணத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தம் கேட்டால் அந்த ஒரு ஆவணத்தைப் படித்தால் போதும். 1 கேபி ஆவணத்தை ஐடியும் கீயும் கொடுத்து நேரடியாகப் படிக்க 1 ஆர்யூதான் செலவு. எண்ணியும் ஆர்டரும் ஒரே தருக்கப் பார்ட்டிஷனில் இருந்தால் இன்னும் நல்லது, டிரான்சாக்‌ஷனல் பேட்சில் (எல்லாம் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது) இரண்டையும் சேர்த்தே எழுதலாம். ஒரு பேட்சில் 100 செயல்கள் வரை இடமுண்டு. எண்ணுவதைக் கேட்கும் நேரத்துக்குத் தள்ளாமல், எழுதும் நேரத்திலேயே செய்யுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, சேஞ்ச் ஃபீட் எண்ணியைப் பற்றி இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அதைத்தான் ஒரு மாணவியர் விடுதியில் பார்த்தேன்.

அறை ஒதுக்கீட்டு ஆவணம் எழுதப்பட்டால் எண்ணி கூடும். அறை காலியானால் ஆவணத்தை நீக்குவார்கள். சேஞ்ச் ஃபீடின் இயல்பான முறையில் நீக்கங்கள் வருவதே இல்லை. எனவே எண்ணி ஏறியது, இறங்கவே இல்லை. ஜூலையில் ஒரு பெண் இரும்புப் பெட்டியோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். திரையில் "நிரம்பியது". வார்டன் அதை நம்பித் திருப்பி அனுப்பினார். அன்றிரவு மாடியில் ஒரு வரிசை அறைகள் முழுவதும் பூட்டிக் கிடந்ததை அவரே நடந்துபோய்ப் பார்த்திருக்கிறார். மறுநாள் அவர்களின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தோம். வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டதாக அம்மா சொன்னார்.

இன்னொன்று. சேஞ்ச் ஃபீட் பிராசஸர் ஒவ்வொரு மாற்றத்தையும் குறைந்தது ஒரு முறை தருவதாகத்தான் வாக்குக் கொடுக்கிறது. இடையில் அறுந்தால் அதே மாற்றம் இரண்டாம் முறை வரும். வெறுமனே ஒன்றைக் கூட்டும் எண்ணி அதை இரண்டாகவே எண்ணும். நீக்குவதற்குப் பதில் நீக்கக்குறி இட்டு, டிடிஎல் (ஆவணத்துக்கான ஆயுட்காலம்) வைத்துப் பின்னால் அழியவிட வேண்டும். எந்த மாற்றம் ஏற்கெனவே எண்ணப்பட்டது என்பதற்கும் பதிவு வேண்டும். இரவில் ஒரு முறையாவது உண்மையான கவுன்டை ஓட்டி எண்ணியோடு ஒப்பிட வேண்டும். உங்கள் யோசனை தவறு என்று சொல்லவில்லை, ஐயா. இந்த மூன்றும் இல்லாமல் அதை இளையவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

செங்காந்தள் எழுதியது:

சராசரியைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். பால் சேகரிப்பு, பார்ட்டிஷன் கீ குளிரூட்டும் நிலையம், கேட்டது கொழுப்புச் சதவீதத்தின் சராசரி. உள்ளேயே எழுதிய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக ஆவரேஜ் கேட்டு, வந்தவற்றை மறுபடி சராசரி எடுத்தது. எடுத்துக்காட்டாக, ஒரு நிலையத்தில் 900 மாதிரி, சராசரி 4.1, இன்னொன்றில் 10 மாதிரி, சராசரி 6.3. ஸ்கிரிப்ட் 5.2 என்று சொல்லும். உண்மை 4.12. கொழுப்பை வைத்துத்தான் பாலுக்கு விலை என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

கண்டுபிடித்தவர் எங்கள் குழுவில் எவரும் அல்லர். ஒரு மகளிர் சங்கத் தலைவி, தன் நிலையத்தையும் பக்கத்து நிலையத்தையும் பேரேட்டில் கூட்டி, மொத்த மாதிரியால் வகுத்து, அந்தத் தாளை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். எஸ்டிகே செய்வதும் அவர் செய்ததையேதான். ஆவரேஜ் என்று கேட்டால் அது பார்ட்டிஷன்களிடம் சராசரியைக் கேட்பதில்லை. கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் வாங்கி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்கிறது. அந்தத் தாளை ஸ்கேன் செய்து, ஸ்கிரிப்டைத் திருத்தும் கோரிக்கையோடு இணைத்து அனுப்பினேன். திருத்தம் வந்துவிட்டது. பழைய மாதங்களுக்கான விலை வித்தியாசத்தை உற்பத்தியாளர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. இங்கே யாராவது அப்படிப் பின்தேதிக் கணக்கைத் திருத்திக் கொடுத்திருந்தால், எந்த முறையில் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.