துடிப்பேற்றமா மிகைமுடுக்கமா, அதுக்கு முன்னாடி மின்தணிப்பு

வணக்கம் நண்பர்களே,

கணினியோட செயலியை, அதாவது பிராசசரை, தயாரிச்சவன் வச்ச வேகத்தைத் தாண்டி ஓட்டற ஓவர்கிளாக்கிங்குக்குத் தமிழ்ல என்ன சொல்றதுன்னு நம்ம பேச்சுல இதுவரைக்கும் மிகைக்கடிகாரம், மிகைமுடுக்கம், மேல்வேகம், முடுகோட்டம்னு நாலு சொல் வந்து நிக்குது. நாலையும் ஒரு வாரமா வாய்ல போட்டு மென்னு பார்த்தேன். சொல்லிப் பார்க்கிறதோட நிறுத்தாம, என் கணினியோட பயாஸுக்குள்ள, அதாவது கணினி கிளம்பும்போது திறக்கற அமைப்புத் திரைக்குள்ள, போய் எண்களை மாத்தும்போது எந்தச் சொல் தானா நாக்குல வருதுன்னும் கவனிச்சேன். நீளமாப் போனா பொறுத்துக்குங்க.

மிகைக்கடிகாரம் எனக்கு ஒட்டவே இல்ல. கிளாக்குன்னா கடிகாரம்னு அகராதியைப் பார்த்து வச்ச பேர் அது. நாம பேசுறது மணி காட்டுற சமாச்சாரம் இல்ல, ஒரு படிகம் அதிருது, அதுலேர்ந்து சீரான துடிப்பு கிடைக்குது, அந்தத் துடிப்பை இத்தனை மடங்குன்னு பெருக்கி, செயலி ஒவ்வொரு துடிப்புக்கும் ஓரடி எடுத்து வைக்குது, அவ்வளவுதான். மிகைக்கடிகாரம்னா என்னன்னு என் பொண்ணுகிட்ட கேட்டேன், "சுவத்துல ரெண்டு கடிகாரம் கூட மாட்டியிருக்கா"ன்னா.

மிகைமுடுக்கம் கேட்க கம்பீரமா இருக்கு, ஆனா முடுக்கம்ங்கிற சொல்லை இயற்பியல் பாடப்புத்தகம் எப்பவோ எடுத்துக்கிச்சு, திசைவேகம் மாறுற வீதம்னு. ஓவர்கிளாக் பண்ணின செயலி மேல மேல வேகமெடுத்துக்கிட்டே போறதில்லையே, கூடுதலான ஒரு வேகத்துல நிலையா ஓடுது, அவ்வளவுதானே. போதாக்குறைக்கு ஆக்சிலரேட்டரை முடுக்கின்னு எழுத ஆரம்பிச்சுட்டோம், அப்புறம் "முடுக்கியை மிகைமுடுக்கினேன்"னு எழுதவேண்டி வரும். இலங்கை நண்பர்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, அவங்க புத்தகத்துல அது ஆர்முடுகல். முடுகோட்டமும் அந்த வழியாத்தான் வந்திருக்கும்னு தோணுது. செய்யுள்ல விரைஞ்சு ஓடுற நடைக்கு முடுகுன்னு பேர் இருக்கறதால அந்தச் சொல் மேல எனக்கு ஒரு ஆசை உண்டு, ஆனா சந்தப் பாட்டு பழக்கமில்லாதவங்களுக்கு அது முடுக்குச் சந்துல ஓடற ஓட்டமாத்தான் கேட்கும். மேல்வேகம் பரவாயில்ல, ஆனா அது பேரா மட்டும்தான் நிக்குது, வினையா மாத்த முடியல, "மேல்வேகித்தேன்"னு சொல்லிப் பாருங்க.

நான் முன்வைக்கிறது துடிப்பேற்றம். பதிவேற்றம், விலையேற்றம் மாதிரி வாய்க்குப் பழகின அமைப்பு, குறைச்சு ஓட்டினா துடிப்பிறக்கம்னு எதிர்ச்சொல்லும் கூடவே வந்துடுது. "துடிப்பேத்தினேன், ஏத்த முடியல, ஏத்தினது நிக்கல"ன்னு பேச்சுல எப்படி வேணா வளையும். இன்னொரு காரணம் பழைய கதை. 1998ல இன்டெலோட செலரான் 300ஏ வந்தப்போ கையில காசு குறைவா இருந்தவங்க அதை ஏன் தேடிப்பிடிச்சு வாங்கினாங்கன்னு இங்க பல பேருக்குத் தெரியும். துடிப்பை எத்தனை மடங்கு பெருக்கணும்ங்கற பெருக்கெண் 4.5ல பூட்டியிருந்துச்சு, அதைத் தொட முடியாது, ஆனா தாய்ப்பலகையில (மதர்போர்டுல) செயலியை மத்ததோட இணைக்கற பஸ்ஸோட துடிப்பை 66 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து 100க்கு ஏத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450ல ஓடுச்சு, ரொம்ப விலை கூடின பென்டியம் 2ஓட தோளுக்குத் தோள் நின்னுச்சு. அங்க அவங்க ஏத்தினது கடிகாரத்தையும் இல்ல முடுக்கத்தையும் இல்ல, துடிப்பைத்தான். அதுக்கப்புறம் ஏஎம்டி டியூரான்ல பென்சில் கிராஃபைட்டால ரெண்டு புள்ளியைச் சேர்த்துக் கோடு போட்டு பெருக்கெண் பூட்டைத் திறந்தாங்க, இப்போ பூட்டே போடாத செயலியை காசு கொடுத்து வாங்கறோம், எப்படிப் பார்த்தாலும் கடைசியில கூடுறது துடிப்புதான்.

"மிகை" எங்க போச்சுன்னு கேப்பீங்க. இப்போ வர்ற செயலியெல்லாம் சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தா தானாவே துடிப்பை ஏத்திக்குது, டர்போ, பூஸ்ட்னு ஆளுக்கொரு பேர். அதைத் தன்னேற்றம்னு வச்சுக்கிட்டா, தயாரிச்சவன் அச்சடிச்ச எல்லையைத் தாண்டி நாம கையால பண்றது துடிப்பேற்றம்னு பிரிஞ்சுடும்.

சரி, இது இருக்கட்டும். நாம எல்லாரும் தப்பான சொல்லுக்குச் சண்டை போட்டுக்கிட்டிருக்கோமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கணக்கு போட்டுப் பாருங்க. செயலி வேலை செய்யும்போது இழுக்கற மின்சாரம் துடிப்போட நேர் விகிதத்துல கூடும், வோல்ட்டோட இருமடியில கூடும். நான் என்னோட ஆறு கோர் செயலியை 3.6லேர்ந்து 4.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஏத்தினப்போ அது நிலையா நிக்க 1.20 வோல்ட்டை 1.35 ஆக்க வேண்டி வந்துச்சு. துடிப்பு கூடினது 11 சதவீதம், சூடு கூடினது ஏறக்குறைய 40 சதவீதம். அந்த 40 சதவீதத்தை வெளிய தள்ள விசிறி கத்துது, கத்தறதை நிறுத்த பெரிய கூலர் வாங்கணும், பெரிய கூலருக்கு இடம் இருக்கற பெட்டி வாங்கணும், தாய்ப்பலகையில மின்னழுத்தச் சீராக்கி மேல உலோகத் துண்டு இல்லாட்டி அது தனியா கொதிக்கும். இந்தக் காசையெல்லாம் கூட்டினா அடுத்த படி செயலியையே வாங்கி பேசாம ஓட்டியிருக்கலாம். 300ஏ காலத்துல ஏத்தினா கிடைச்சது ஒன்றரை மடங்கு, இன்னிக்கு தன்னேற்றமே பெரும்பாலானதை எடுத்துக்கிட்டு நமக்கு மிச்சம் வைக்கறது கொசுறு.

அதனால இன்னிக்கு காசும் குறைவு, சத்தமும் கூடாதுங்கறவங்க உண்மையில பண்றது அண்டர்வோல்டிங். துடிப்பைத் தொடாம வோல்ட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறது. தயாரிப்பாளர் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியா அளந்து வோல்ட் வைக்க மாட்டான், மோசமான சில்லும் தடுமாறாம ஓடணும்னு கொஞ்சம் தாராளமா வச்சு அனுப்புவான், நமக்கு வந்தது நல்ல சில்லா இருந்தா அந்தத் தாராளம் முழுக்க வீண் சூடு. 1.30ஐ 1.20 ஆக்கினாலே துடிப்பு மாறாம 15 சதவீதம் மிச்சம். இந்த வேலைக்குத் தமிழ்ல பேரே இல்ல, நாலு சொல்லும் ஓவர்கிளாக்கிங்குக்கே போயிடுச்சு.

நான் யோசிச்சதுல மின்னழுத்த இறக்கம்னா மின்னழுத்த வீழ்ச்சியோட குழம்புது. குறைமின்னழுத்தம்னா லோ வோல்டேஜ், டியூப்லைட் மினுக்கறது ஞாபகம் வருது. அழுத்தக் குறைப்புன்னா மருத்துவர் சொல்ற ரத்த அழுத்தமோ மன அழுத்தமோன்னு ஆகுது, தாழ்வழுத்தம்னா வானிலை அறிக்கை. மின்னிறக்கம் பேட்டரிக்குப் போயாச்சு. கடைசியில மின்தணிப்புன்னு நிறுத்தியிருக்கேன். தாகம் தணியுது, கோபம் தணியுது, சூடு தணியுது, குரலும் தணியுது. இந்த வேலையிலயும் மின்னழுத்தம் தணிஞ்சா சூடு தணியுது, சூடு தணிஞ்சா விசிறியோட குரல் தணியுது, மூணுக்கும் ஒரே வேர். சொல்லுங்க.

-----

> கடைசியில மின்தணிப்புன்னு நிறுத்தியிருக்கேன்

ஐயா, துடிப்பேற்றத்துக்கு என் ஓட்டு. மின்தணிப்புல எனக்கு ரெண்டு உறுத்தல். ஒண்ணு, மின்+தணிப்பு சந்தி பார்த்தா மின்றணிப்புன்னு ஆகணும், பொன்+தாமரை பொற்றாமரை ஆன மாதிரி இதுலயும் தகரம் அப்படியே நிக்காது. ரெண்டாவது, மின் மட்டும் இருந்தா மின்சாரமா மின்னோட்டமா மின்னழுத்தமான்னு தெரியாது.

அப்புறம் சொல்லோட சொல்லா குளிர்விக்கற பக்கத்தையும் பார்த்துடலாமா? ஹீட்சிங்கை வெப்ப உறிஞ்சின்னு எழுதறாங்க, நான் படிக்கும்போதெல்லாம் அது சூட்டை உறிஞ்சி வயித்துல வச்சுக்கற மாதிரி இருக்கு. சைலன்ட் கூலிங்கை ஓசையற்ற குளிர்விப்புன்னு போடறாங்க, விசிறி சுத்துற எதுவும் ஓசையற்றதா இருக்க முடியாது, அது பொய் விளம்பரம். ரொம்பக் காசு இல்லாதவன் எதை முதல்ல மாத்தணும்னும் சொல்லுங்க, நான் இன்னும் பெட்டியோட வந்த கூலரைத்தான் வச்சிருக்கேன், வீடியோ மாத்தும்போது ஹேர் டிரையர் மாதிரி கத்துது.

-----

தம்பி,

சந்தி சரிதான், ஆனா மின்தடைன்னு எழுதறோம், மின்தூக்கின்னு எழுதறோம், மின்றடைன்னு யாராவது எழுதிப் பார்த்திருக்கீங்களா? அந்த வழக்கம் நமக்கு முன்னாடியே வண்டி ஓட்டிட்டுப் போயிடுச்சு, நாம பின்னால ஏறிக்கலாம். ரெண்டாவது உறுத்தல் நியாயம். பொருள் முழுக்கச் சொல்லில் அடங்கணும்னா மின்னழுத்தத் தணிப்புன்னு முதல் தடவை எழுதிட்டு அப்புறம் மின்தணிப்புன்னு சுருக்கிக்கலாம். செயலின்னே சொல்லிப் பழகிட்டோம், அது பிராசசரா ஆப்பான்னு இன்னிக்கும் இடம் பார்த்துத்தானே புரிஞ்சுக்கறோம், "செயலி சூடாகுது"ன்னு ஒருத்தர் எழுதினதுக்கு "நீக்கிட்டு திரும்ப நிறுவுங்க"ன்னு பதில் போனதையும் பார்த்தாச்சு.

வெப்ப உறிஞ்சி பத்தி நீங்க சொன்னது எனக்கும் ரொம்ப நாளா உறுத்துது. அதோட வேலை வாங்கி வச்சுக்கறது இல்ல, வாங்கி வெளிய விடறது. செம்புக் குழாய்க்குள்ள துளி நீர், சூடான பக்கம் ஆவியாகி ஆறின பக்கம் போய்த் திரும்பத் துளியாகி குழாயோட உள்சுவர் வழியா ஊறி வந்து சேருது, அங்கேர்ந்து மெல்லிசான அலுமினியத் தகடுகளுக்கு, தகடுலேர்ந்து காத்துக்கு. மழைத்தண்ணிக்கு வடிகால் எப்படியோ அப்படித்தான். வெப்பவடிகால்னு வைங்க. சிங்க்ங்கிற சொல்லும் அதைத்தானே சொல்லுது. சைலன்டுக்குத் தணியொலின்னு சொல்லலாம், ஒலி இல்லன்னு பொய் சொல்லாது, தணிஞ்ச குரல்ல பேசுதுன்னு மட்டும் சொல்லும்.

எதை முதல்ல மாத்தணும்னு கேட்டீங்க. ஒண்ணும் வாங்காதீங்க முதல்ல. பயாஸுக்குள்ள போய் ஆஃப்செட்டை, அதாவது வழக்கமான வோல்ட்லேர்ந்து எவ்வளவு கூட்டிக் குறைக்கறதுங்கற எண்ணை, மைனஸ் 0.025 வோல்ட் வைங்க, செயலிக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கற பிரைம்95ஐ அரை மணி ஓட விடுங்க, தடுமாறாம ஓடினா இன்னொரு 0.025 குறைங்க. எங்க தடுமாறுதோ அதுலேர்ந்து ஒரு படி மேல வந்து நிறுத்திட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டுப் பாருங்க. நான் பேராசைப்பட்டு ஒரேயடியா 0.15 குறைச்சேன், திரை கறுப்பாவே நின்னுடுச்சு, பெட்டியைத் திறந்து டார்ச்சை வாய்ல கவ்விக்கிட்டு தாய்ப்பலகையில பயாஸ் அமைப்பை அழிக்கற சிமாஸ் ஜம்பரைத் தேடி ஸ்க்ரூட்ரைவர் முனையால ரெண்டு கம்பியைத் தொட்டு அழிச்சேன், பயாஸ்ல வச்சிருந்த அத்தனையும் போச்சு. எண்களை முன்னாடியே ஒரு தாள்ல எழுதி வச்சுக்குங்க.

அடுத்தது விசிறிக்கோடு, அதாவது எத்தனை டிகிரிக்கு எத்தனை சுத்துன்னு வரையற அந்தக் கோடு. சத்தத்தைவிட சத்தம் ஏறி இறங்கறதுதான் எரிச்சல், ஒரு பக்கத்தைத் திறந்தா ஊய்ங்னு ஏறும், மூணு நொடியில இறங்கும். 60 டிகிரி வரைக்கும் கோட்டைப் படுக்க வைங்க, அதுக்கு மேல மெதுவா ஏறட்டும், சூடு மாறினதும் உடனே துள்ளாம சில நொடி பொறுக்கற மாதிரி தாமதம் இருந்தா அதையும் வைங்க. மின்தணிப்புக்கு அப்புறம் அதே 75 டிகிரிலயே என் விசிறியை 1600 சுத்துலேர்ந்து 1000க்கு இறக்க முடிஞ்சுது. விசிறி விதிப்படி அது கிட்டத்தட்ட 10 டெசிபெல் குறைவு, காதுக்குப் பாதிச் சத்தம். ஒரு பைசா செலவில்லை.

அதுக்கப்புறமும் கத்தினா மட்டும் கூலர். 120 மி.மீ. விசிறி வச்ச கோபுர மாதிரி ஒண்ணு, நாலு குழாய் இருந்தா தாராளம். பெரிய விசிறி மெதுவாச் சுத்தியே அதே காத்தைத் தள்ளும், நாலு முள் இணைப்பா பார்த்து வாங்குங்க, கட்டுப்பாடு கீழ வரைக்கும் ஒழுங்கா இறங்கும். நீர்க்குளிர்விப்பு நம்ம பட்ஜெட்டுக்கு வேண்டாம், விசிறிச் சத்தத்தோட பம்புச் சத்தமும் சேர்ந்து வரும். பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடி இல்லாம வலையா இருக்கட்டும், மூச்சு முட்டற பெட்டிக்குள்ள எவ்வளவு நல்ல வெப்பவடிகாலும் தன் சூட்டையே திரும்பக் குடிக்கும். பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

இதெல்லாம் பண்ணினதும் எனக்கு ஒரு புதுச் சிக்கல் வந்துச்சு, விசிறி அடங்கினதும் அதுவரைக்கும் அதுக்கு அடியில ஒளிஞ்சிருந்த காயில் வைன், அதாவது மின்சுருள் அதிர்ந்து போடற சத்தம், கேட்க ஆரம்பிச்சுடுச்சு, கிராபிக்ஸ் கார்டுலேர்ந்து மெல்லிசா ஒரு கீச்சு, திரையில படம் நகர நகர கூடுது. அதைச் சுருள்முனகல்னு எழுதி வச்சிருக்கேன், முனகல் கொஞ்சம் கனமான குரலாச்சேன்னு தோணுது, சுருள்கீச்சு சரியா வருமா?