வன்னியில் சமையல் பழகிய நாளும் பழக்கிய நாளும்: இன்னும் மனதை உறுத்துவது எது? (புனைபெயர்களில் நால்வர் எழுதிய பதில்கள்)

முள்ளியவளைப் பேத்தி

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, முள்ளியவளையில் ஒரு வீட்டில் நடந்த ஒருநாள் சமையல் வகுப்புக்கு நானும் 14 வயது மகளும் போயிருந்தோம். விரால் மீன் குழம்பு, முருங்கையிலைச் சொதி, குரக்கன் பிட்டு ஆகிய மூன்றையும் எங்கள் கையாலேயே செய்யவைத்தார்கள். குழம்பும் சொதியும் ஒழுங்காக வந்தன. பிட்டில்தான் மகள் தடுமாறினாள். எவ்வளவு தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அவள் மூன்றாம் முறையாகக் கேட்டதும், பழக்கிய ஆச்சி அவளுடைய விரல்களைப் பிடித்து மாவுக்குள் அழுத்தி, “மா கேக்கும் பிள்ளை, கேக்கக் கேக்க ஊத்து” என்றார். பிறகு பால்மாப் பேணியில் செய்த சுண்டை, அதாவது அளவுப் பேணியை, கையில் கொடுத்துக் கொத்தச் சொன்னார். விளிம்பு படப்பட மாக்கட்டி உடைந்து, கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிகளாகச் சட்டியில் உதிர்ந்ததை மகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியிலிருந்து ஆவி எழும்போது ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, “அம்மா இருக்கிறாவோ?” என்று கேட்டார். இருக்கிறார், இதே ஊரில் பிறந்தவர், 1990 இல் வெளிக்கிட்டவர் என்றேன். “அப்ப ஏன் பிள்ளை காசு குடுத்து என்னட்டைப் பழகிறியள்?” அவர் குறையாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. ரொறன்ரோவில் அம்மா எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.

மாங்குளத்து அடுப்படி

நான் பழக்கும் பக்கத்தில் இருப்பவள். ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் வெளிநாட்டுப் பயணிகள் ஓரிரவு எங்கள் வீட்டில் தங்கிப்போவார்கள். கேட்பவர்களுக்குச் சமையலும் சொல்லிக்கொடுப்பேன். ஆட்களை அனுப்பும் நிறுவனத்தார் உறைப்பைப் பாதியாகக் குறைக்கும்படியும் மீன் தலையைச் சட்டியில் போடவேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதனால் வகுப்புக்கென்று ஒரு சட்டியும், பின்னடுப்பில் வீட்டாருக்கென்று இன்னொரு சட்டியும் வைப்பது என் வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் நெதர்லாந்திலிருந்து வந்த வயதான பெண் ஒருவர் கை கழுவப் பின்பக்கம் போனவர், அந்தச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து நான் வறுத்து இடிப்பித்த தூள் முழு அளவில் விழுந்த குழம்பு அது. எண்ணெய் மேலே செம்மையாக மிதந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். கண்ணால் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு இரண்டாம் கரண்டியும் எடுத்தார். எங்கள் மகனிடம் ஆங்கிலத்தில், “இதை ஏன் எனக்குப் பழக்கவில்லை?” என்று கேட்டார். மகன் மொழிபெயர்த்துச் சொன்னபோது, விருந்தாளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பந்தியில் வஞ்சகம் செய்தவளைப்போல நான் நின்றேன்.

குளக்கட்டு

அடுப்படி அக்கா அந்த நிறுவனத்தின் சொல்லைக் கேட்டதே பிழை என்பது என் கருத்து. எங்கள் கறிக்கு உயிரே தூள்தான். பாதித் தூளில் பழகிப்போனவர் தமது நாட்டில் நாலு பேருக்கு அதையே வன்னிக் கறி என்று சமைத்துக் கொடுப்பார்.

என் அனுபவம் சிறியது. 2013 இல் யாழ்தேவி ரயில் மீண்டும் கிளிநொச்சிவரை வந்தபின், உறவினர்களோடு வந்த வெளிநாட்டு நண்பர் சிலருக்கு ஓரிடத்தில் பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியற்கூழ் காய்ச்சிக் காட்டினார்கள். மொழிபெயர்ப்புக்கு நான் போயிருந்தேன். ஒடியல் மாவை ஊறவைக்காமலே கரைத்துவிட்டார்கள். பனையோலைப் பிளாவில் வார்த்துக் கொடுத்த கூழின் காறலை அவர்கள் முகம் சுளிக்காமல் விழுங்கினார்கள். காரணம் தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே இனிப் பழக்குகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல்; அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால்தான் ஒடியல். கூழுக்கு ஒடியல் மாதான் வேண்டும். அதிலுள்ள காறல் போவதற்கு மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, மறுபடியும் தண்ணீர் விட்டு, துணியில் கட்டிப் பிழியவேண்டும். இதை விருந்தாளிகள் வரும்முன் செய்து முடிக்காமல் அவர்களின் கையாலேயே செய்விக்கவேண்டும், ஏனென்றால் கூழின் பாதி வேலை அதுதான். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் ஆகியவற்றை முதலில் அவியவிடுங்கள். அவை பாதி வெந்தபின் நண்டையும் இறாலையும் மீன் துண்டுகளையும் போடுங்கள்; நந்திக்கடல் இறால் கிடைத்தால் வேறு எதையும் தேடவேண்டாம். அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளிக் கரைசலையும் பிழிந்தெடுத்த மாவோடு சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, நெருப்பைக் குறைத்துவிட்டு மெல்ல ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவவேண்டும். மா நன்றாக வேகாமல் இறக்கக்கூடாது. முருங்கையிலை கடைசியில். சட்டியை இறக்கிய கையோடு குடிக்கக் கொடுக்கவேண்டும், ஆறினால் களியாகிவிடும்.

புதுக்குடியிருப்பு

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். என் தங்கை வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சமையல் பழக்குகிறாள். நான் உதவிக்கு நிற்பேன். ஒரு மே மாதத்தில் வந்திருந்தவர்களில் ஓர் இளைஞர், போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்து உயிர் பிழைத்த முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பற்றித் தாம் வாசித்திருப்பதாகவும் அதையும் பழக விரும்புவதாகவும் மிகுந்த மரியாதையோடு கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் எழுந்து உலை வைத்தேன். தண்ணீர், அரிசி, உப்பு. அவர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்டார். அடுத்தது இல்லை என்றேன். ஒரு சுண்டு அரிசி எத்தனை பேருக்குக் காணும் என்று அவர் கேட்டதற்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2009 சித்திரையில் எங்கள் பதுங்குகுழியின் வாசலில் அந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டிருந்தது.

ஒரு மிடறு குடித்துவிட்டு, சிறிது தேங்காய்ப்பால் விட்டால் நன்றாக இருக்குமோ என்று அவர் தயக்கத்தோடு கேட்டார். வீட்டுக்கு வந்தவர் கேட்டதை மறுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. திருவலையில் குந்தியிருந்து பாதித் தேங்காயைத் துருவி, தலைப்பாலைப் பிழிந்து விட்டேன். கஞ்சி வெள்ளையாகி மணத்தது, எல்லோரும் விரும்பிக் குடித்தார்கள். 2009 இல் எங்களுக்குத் தேங்காய் கிடைக்கவில்லை என்று நான் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் செய்கிறது.

குளக்கட்டு

அக்கா, பால் விட்டது குற்றமில்லை. ஒவ்வொரு மே மாதமும் சந்திகளில் காய்ச்சிக் கொடுக்கும்போது சில இடங்களில் பால் சேர்க்கிறார்கள்.

புதுக்குடியிருப்பு

தம்பி, சேர்க்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். சந்தியில் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடிப்பவருக்கு அது ஏன் கொடுக்கப்படுகிறது என்பதும் தெரியும். என் வீட்டில் குடித்தவருக்கு நான் பாலைக் கொடுத்தேன், காரணத்தைக் கொடுக்கவில்லை. அவருடைய குறிப்பேட்டில் அது இப்போது தேங்காய்ப்பால் கஞ்சியாக இருக்கிறது.

முள்ளியவளைப் பேத்தி

அக்கா, அந்த இளைஞருக்கு எழுத வழியிருந்தால் எழுதுங்கள். அவர் கேட்ட விதத்தைப் பார்த்தால் கட்டாயம் வாசிப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆச்சியின் கேள்வியை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. குரக்கன் மாவை ஆச்சி வறுத்தாரா, அவித்தாரா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் போகும்போது மா ஆயத்தமாக இருந்தது.

மாங்குளத்து அடுப்படி

குளக்கட்டுத் தம்பி சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நெதர்லாந்துப் பெண் போனபிறகு பின்னடுப்பில் தனிச்சட்டி வைப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரே சட்டிதான். மீன் தலையும் அதற்குள்தான் வேகிறது. உறைப்புத் தாங்காதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் எருமைத்தயிர் வைக்கிறேன். நிறுவனத்தார் இன்னும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன்.