1901 மிச்சிகன் அணி: 550-0 நிஜமா?

கேள்வி: 1901-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி அந்தப் பருவம் முழுக்க 550 புள்ளி குவித்து, எதிரணிகளுக்கு ஒன்றுகூட விடவில்லையாம். நம்பலாமா?

பதில்: தாராளமாக. 11 ஆட்டம், பதினொன்றும் வெற்றி. பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்டுக்கு அங்கே அதுதான் முதல் வருடம். பஃபலோ அணியை மட்டும் 128-0! இத்தனைக்கும் அப்போது டச் டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பதற்கு) 5 புள்ளிதான், பந்தை முன்னால் எறிய 1906 வரை அனுமதியே கிடையாது, எல்லாம் ஓடியும் முட்டித் தள்ளியும் எடுத்தது.

பதில்: கடைசி ஆட்டத்தை விட்டுவிட்டீர்களே. 1902 ஜனவரி 1, கலிஃபோர்னியாவின் பாசடீனா, கல்லூரி அணிகளின் புத்தாண்டு ஆட்டமான ரோஸ் பவுல் முதன்முதலாக நடந்தது. 49-0 ஆனதும் நேரம் மிச்சமிருக்கும்போதே எதிரணியான ஸ்டான்ஃபோர்டு ஆளை விடுங்கள் சாமி என்று ஒதுங்கிவிட்டது.

பதில்: அப்புறம் 1916 வரை பாசடீனா புத்தாண்டு விழாவில் கால்பந்தே இல்லை. நடுவில் சில வருடம் தேர்ப் பந்தயம்கூட விட்டார்கள்!

கேட்டவர்: தேர்ப் பந்தயமா? சரிதான்!