மண்ணுக்கு "ஃப்ரையபிள்" என்றால் என்ன? எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டிலும் அதே வார்த்தை வருகிறதே?

பாலக்கோடு_தோட்டம்:
தக்காளி நாற்றங்கால் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றில் "வடிகால் வசதியுள்ள, ஃப்ரையபிள் மண் வேண்டும்" என்று இருக்கிறது. அகராதியில் பார்த்தால் "எளிதில் நொறுங்கக்கூடியது". நம்ம பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கட்டியாக இறுகுது. ரோட்டவேட்டரை நாலு தடவை விட்டால் மாவாகப் போகுது. அந்த மாவு மண்ணைத்தான் சொல்கிறார்களா? வீட்டில் ஒருவருடைய எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டிலும் இதே வார்த்தை இருக்கு. "ஃப்ரை" என்று தொடங்குவதால் வறுப்பதோடு ஏதாவது சம்பந்தமா?

மண்வளம்_கிருஷ்ணகிரி:
மாவு மண் இல்லைங்க, கிட்டத்தட்ட அதற்கு எதிர். மண் ஆய்வில் ஃப்ரையபிள் என்பது நடுத்தர ஈரத்தில் இருக்கும் மண்ணுக்கு மட்டும் சொல்வது. காய்ந்த மண்ணுக்கு சாஃப்ட், ஹார்ட் என்று வேறு சொற்கள். சேறாக இருந்தால் ஸ்டிக்கி (கையில் ஒட்டுவது), பிளாஸ்டிக் (பிசைந்த வடிவம் கலையாமல் நிற்பது). நடு ஈரத்துக்கு லூஸ், வெரி ஃப்ரையபிள், ஃப்ரையபிள், ஃபர்ம் என்று இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். காய்ந்த கட்டியை உடைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதால்தான் குழப்பம் வருது.

சோதிப்பது சுலபம். மேல் மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள் ஈரமாக இருக்கும் இடத்திலிருந்து நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்றை எடுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்க. லேசான அழுத்தத்திலோ கொஞ்சம் கூடுதலான அழுத்தத்திலோ உதிர்ந்தால் பாதி தேறிவிட்டது. மீதிப் பாதியைத்தான் அகராதி சொல்வதில்லை. உதிர்ந்ததை மறுபடி சேர்த்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளணும். கேழ்வரகுப் புட்டுக்கு மாவு பிசிறும் பதம்தான் இது: பிடித்தால் பிடிக்கணும், உதிர்த்தால் உதிரணும். பிடிக்கவே இல்லை என்றால் அது லூஸ், அதாவது மணல். விரலில் நன்றாக எதிர்த்து நின்று அப்புறம் உடைந்தால் ஃபர்ம்.

ரோட்டவேட்டரில் மாவாக்கினால் மண்ணின் சின்னச் சின்ன உருண்டைகள் சிதைந்துவிடும். முதல் பலத்த மழையிலேயே பொடி கரைந்து துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். செம்மண்ணில் இந்தத் தொல்லை அதிகம். அரை செ.மீ. ஆழத்தில் போட்ட தக்காளி விதை அந்த ஓட்டைத் துளைத்து வெளியே வர முடியாமல் உள்ளேயே மடங்கிப் போகும். தக்காளிக்கு ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரம் போடுவதே மண்ணையும் பொலபொலப்பாக்கும். ஓடு கட்டும் நிலமாக இருந்தால் மக்கிய தென்னை நார்க்கழிவு 5 டன் வரை போடலாம். பதம் பார்த்து உழுங்க. கொழுவில் மண் பளபளவென்று அப்பினால் ஈரம் அதிகம், புழுதி பறந்தால் குறைவு.

சொல்_ஆர்வலர்:
வறுப்பதோடு சம்பந்தம் இல்லை. "உதிர்ப்பது, நொறுக்குவது" என்ற பொருளுள்ள ஃப்ரியாரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. முதல் அசையில் அழுத்தம் கொடுத்து "ஃப்ரை-அ-பிள்" என்று சொல்லணும். பெயர்ச்சொல் ஃப்ரையபிலிட்டி.

இது எழுத்து வழக்கில் வரும் துறைச்சொல். பிஸ்கட், கேக்குக்கு கிரம்ப்ளி போதும், முறுக்குக்கு கிரிஸ்ப். கண்ணாடி, கிரானைட் மாதிரி வளையாமல் படாரென்று உடைவது பிரிட்டில். கிணறு வெட்டும்போது கையாலேயே மணலாக உதிர்கிற சிதைந்த பாறை வருமே, அதைத் தாராளமாக ஃப்ரையபிள் என்று எழுதலாம்.

மருந்தியல்_தர்மபுரி:
ரிப்போர்ட்டில் வந்தது "ஃப்ரையபிள் மியூகோசா" என்றால், கருவி லேசாகப் பட்டாலே உள்சவ்வில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அது பார்த்ததைச் சொல்லும் வர்ணனை, நோயின் பெயர் இல்லை. சாதாரண அழற்சி, தொற்று, குடல் புண் நோய், கட்டி எதிலும் இப்படி வரலாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துப் பயப்படவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். பயாப்ஸி எடுத்திருந்தால் அந்த முடிவையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்க.

மாத்திரைக்கு உதிரும் குணம் ஆகவே ஆகாது. அதற்கென்றே ஒரு சோதனை உண்டு. மாத்திரைகளைத் தூசி தட்டி எடை போட்டு, நிமிடத்துக்கு 25 சுற்று வேகத்தில் டிரம்மில் 100 சுற்று விடுவார்கள். அதாவது 4 நிமிடம். பிறகு மறுபடி எடை. பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் எடை குறையக் கூடாது. ஒரு மாத்திரை பிளந்தாலும் தேறாது.

ஆஸ்பெஸ்டாஸில் இதுவே ஆபத்தின் அளவுகோல். காய்ந்த நிலையில் கையால் நசுக்கிப் பொடியாக்க முடிந்தால் ஃப்ரையபிள், இழை காற்றில் பறக்கும். முழுசாக இருக்கும் சிமென்ட் கூரை ஷீட் அந்த வகையில் சேராது. ஆனால் அதை கிரைண்டரில் அறுத்தாலோ துளை போட்டாலோ உடைத்தாலோ இழை வெளியே வரும்.

பாலக்கோடு_தோட்டம்:
சோதித்தேன். ஈரத்தில் உதிருது, சேர்த்தால் பிடிக்குது. காய்ந்தால் மட்டும் கல்லு. அப்போ என்னவென்று எழுதுவது?

மண்வளம்_கிருஷ்ணகிரி:
இரண்டையும் எழுதணும். "ஹார்ட் வென் ட்ரை, ஃப்ரையபிள் வென் மாய்ஸ்ட்" என்பதுதான் மண் ஆய்வு அறிக்கைகளில் வரும் நடை, முரண்பாடு ஒன்றும் இல்லை. நாற்றங்காலுக்கு அந்த மண் ஆகும், விதைத்த பிறகு மேல் மண் காயாமல் வைக்கோல் மூடாக்கு போட்டு, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்க.