பி0133 வந்தா ஆக்ஸிஜன் சென்சாரை உடனே மாத்தணுமா? (மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை என்பி)

நாலுசிலிண்டர்:
வண்டி 2001 எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், ஓட்டம் 1,70,000 கி.மீ. செக் இன்ஜின் விளக்கு எரியுது. ஸ்கேன்ல வந்த பிழைக் கோடு பி0133, அதாவது புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் மெதுவா பதில் தருது. பி0171ம் பெண்டிங்ல, அதாவது இன்னும் உறுதியாகாம நிக்குது. மைலேஜ் குறைஞ்சிருக்கு. சென்சார் வண்டியோட வந்ததுதான். புதுசு ஆர்டர் போடலாமா?

கழற்றுச்சாவி:
தாராளமா போடுங்க. ஹீட்டர் உள்ள சென்சாருக்கு ஆயுசு ஏறக்குறைய 1,60,000 கி.மீ.ன்னுதான் பொதுவா கணக்கு. உங்களுது அதைத் தாண்டியாச்சு. ஸ்பார்க் பிளக் மாதிரி இதுவும் தேய்மானப் பொருள். சென்சார் நுனியில இருக்கிற ஜிர்கோனியா பீங்கான் மேல கரியும் ஆயில் சாம்பலும் படியப் படிய மந்தமாயிடும், பி0133 சொல்றதும் அதைத்தான். நாலு நாள் சோதனையில வீணாக்குறதுக்கு அரைமணி நேரத்துல மாத்திடலாம்.

லாம்டா1:
அண்ணே, பி0133 தனியா வந்திருந்தா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். கூட இருக்கிற பி0171ஐ விட்டுட்டீங்க. கலவையில பெட்ரோல் போதலன்னு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) நினைக்குது. எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கேஸ்கெட்ல பொடி ஓட்டை இருந்தாலே இந்த ரெண்டு கோடும் வரும். ரெண்டு புகைத்துடிப்புக்கு நடுவுல அழுத்தம் இறங்குறப்ப வெளிக்காத்து அந்த ஓட்டை வழியா உள்ள போகும். சென்சார் அந்தக் காத்தோட ஆக்ஸிஜனைப் பாத்து "லீன்" (பெட்ரோல் கம்மி)னு சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும். புது சென்சார் போட்டாலும் அதே கதைதான்.

நாலுசிலிண்டர், காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி மேனிபோல்டு பக்கம் காது கொடுங்க. டிக் டிக்னு கேட்டு, சூடேறினதும் நின்னா லீக்தான். கேஸ்கெட் ஓரத்துல கருப்பா கரி படிஞ்சிருக்கும்.

அடுத்து ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற கணக்கு. ஐடில்ல +15 சதவீதத்துக்கு மேல நின்னு, 2500 ஆர்பிஎம்ல +3க்கு இறங்கினா பெரும்பாலும் வேக்வம் லீக், அதாவது இன்டேக் பக்கம் அளக்காத காத்து உள்ள போகுது. உள்ள போற காத்தை அளக்குற மாஃப் சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஹோஸை வளைச்சுப் பாருங்க, வெடிப்பு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினா மாஃப் கம்பியில அழுக்கு, இல்லன்னா பெட்ரோல் பிரஷர் குறைவு.

கழற்றுச்சாவி:
சென்சாரே லீன் பக்கம் சாஞ்சு கிடந்தா பி0171 வராதா? வரும். அப்ப பிளக்கைக் கழட்டினா உண்மையில பெட்ரோல் கூடிக் கருப்பா இருக்கும், அதையும் பாக்கச் சொல்லுங்க. ப்ளூடூத் ஸ்கேன் அடாப்டர்ல சென்சாரோட வோல்டேஜ் கிராப் பாத்தாலே தெரிஞ்சிடும். பத்து செகண்டுல ரெண்டு மூணு தடவைதான் ஏறி இறங்குதுன்னா சென்சார் முடிஞ்சுது.

லாம்டா1:
பிளக் விஷயம் சரி, ஒத்துக்கறேன். கிராப் விஷயம் தப்பு. என்பியில கேன்ங்கற வேகமான தகவல் இணைப்பு கிடையாது, பழைய மெதுவான நெறிமுறை. மலிவான அடாப்டர்ல ஆறு பிஐடி (ஈசியூ தர்ற அளவீடு) ஓடவிட்டா ஒவ்வொண்ணும் செகண்டுக்கு ஒரு தடவை வந்தாலே பெருசு. நல்ல சென்சார் லீன்ல இருந்து ரிச்சுக்கு (பெட்ரோல் அதிகம்) 100 மில்லிசெகண்டுக்குள்ள தாவும். செகண்டுக்கு ஒரு புள்ளி வச்சு அதை எப்படி அளக்குறது? நல்ல சென்சாரும் மந்தமாத்தான் தெரியும். ஆசிலோஸ்கோப் வேணும். இல்லன்னா அந்த ஒரு பிஐடியை மட்டும் ஓடவிடணும்.

புகைக்குழாய்:
அளக்கிறவர் கவனத்துக்கு. டென்சோ வகை ஒயரிங்கில் கருப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்ட். பாஷ், என்டிகே வகையில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். சிக்னலில் வோல்ட் மட்டும் அளக்க வேண்டும். அங்கே ஓம் வைத்தால் மீட்டர் அனுப்பும் மின்சாரமே சென்சாரைக் கெடுக்கலாம். ஓம் அளப்பது ஹீட்டர் ஒயர்களில்தான். அதுவும் கனெக்டரைப் பிரித்த பிறகு. சில ஓம் காட்டினால் நல்லது, முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்திருக்கிறது. ஆனால் அதற்கு வரும் கோடு பி0135.

சூடான இன்ஜினில் 2500 ஆர்பிஎம் பிடித்து, ஏர் கிளீனர் வாயில் கொஞ்சம் ப்ரோபேன் விட்டால் 0.8 வோல்ட்டுக்கு மேல் தாவ வேண்டும். வேக்வம் ஹோஸ் ஒன்றைப் பிடுங்கினால் 0.2க்குக் கீழ் விழ வேண்டும். இரண்டும் உடனுக்குடன் நடந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது, லீக்கைத் தேடுங்கள். தவழ்ந்து போனால் மாற்றுங்கள்.

அடுத்த தலைமுறை என்சி வைத்திருப்பவர்கள் இந்த எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் முன் சென்சார் வைட்பேண்ட் (கலவையைத் தொடர்ச்சியான அளவாகக் காட்டும் வகை), 0.45 வோல்ட்டைச் சுற்றித் தாவாது. தாவவில்லை என்று நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கழற்றுச்சாவி:
சரி, ப்ரோபேன் சோதனை அஞ்சு நிமிஷ வேலை, அதைச் செஞ்சுட்டே வாங்குங்க. மாத்துறப்ப: முந்தின ராத்திரியே மரைக்கு பெனட்ரேட்டிங் ஆயில். மறுநாள் இன்ஜினைக் கை சுடாத அளவு வெதுவெதுப்பாக்கிட்டு, 22 மி.மீ., ஒயர் நுழைய வெட்டு வச்ச சாக்கெட்டால கழட்டுங்க. சாக்கெட் வாய் விரிஞ்சு நழுவுதா? பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான். ஒயரை வெட்டிட்டு முழு ஆறுமுனை டீப் சாக்கெட் போடுங்க. மரை சேதமானா எம்18×1.5 டேப்பால சுத்தம் பண்ணலாம். புதுசை இறுக்க டார்க் 40 நியூட்டன் மீட்டர் போதும். காசு மிச்சம் வேணும்னா யுனிவர்சல் சென்சார் வாங்கி ஒயரைச் சால்டர் பண்ணிக்கலாம்.

புகைக்குழாய்:
சால்டர் வேண்டவே வேண்டாம். புகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்று பல சென்சார்களில் ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும், பிறகு சிக்னல் சாய்ந்துவிடும். கூடவே வரும் கிரிம்ப் கனெக்டரை மட்டும் பயன்படுத்துங்கள். அதைவிட, சொந்தக் கனெக்டரோடு வரும் சென்சாரே நல்லது. மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) பூசியே வரும், மேலும் பூச வேண்டாம். நுனியில் பட்டால் சென்சார் பாழ். பக்கத்தில் கேஸ்கெட் வேலை செய்தால் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் சிலிகான் மட்டும்.

நாலுசிலிண்டர்:
பின் சென்சாரையும் சேர்த்தே மாத்தணுமா?

கழற்றுச்சாவி:
ஒரே வயசு. அடியில படுத்து வேலை செய்யறப்பவே ரெண்டையும் முடிச்சிடுங்க.

லாம்டா1:
இதுல ஒத்துக்க மாட்டேன். பின்னாடி இருக்கிறதோட முக்கிய வேலை கேட்டலிட்டிக்கைக் கண்காணிக்கறது. 0.6, 0.7 வோல்ட்ல அசையாம நின்னா அந்த சென்சார், கேட்டலிட்டிக் ரெண்டுமே நல்லாயிருக்கு. துரு பிடிச்ச இடத்துல நல்ல சென்சாரைப் பிடுங்கி மரையைக் கெடுத்துக்க வேண்டாம். முன்னாடி வேலை முடிஞ்சதும் கோடை அழிச்சுட்டு, ஊருக்குள்ளயும் ஹைவேயிலயும் கலந்து ஓட்டிட்டு லாங் டெர்ம் ட்ரிம் எத்தனைன்னு இங்க போடுங்க. ±5 சதவீதத்துக்குள்ள வரலைன்னா கேஸ்கெட்டைத்தான் கழட்டணும்.