பழைய போர்க்கப்பல் வாட்டர்கலர் நேர்ல பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?

போன மாசம் இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத் துறைமுகம் பக்கம் ஒரு ஏலத்துக்கு முன்னாடி சாமான் பாக்க விட்டாங்க, அதுல விக்டரி கப்பல் வாட்டர்கலர் ஒண்ணு, விக்டோரியா காலத்து வேலை, கையெழுத்து கூட இல்ல. 1805 ட்ரஃபால்கர் கடல் சண்டைல பிரிட்டிஷ் தளபதி நெல்சன் செத்த அதே கப்பல்தான், ஆனா படத்துல பீரங்கிப் புகையெல்லாம் ஒண்ணும் கிடையாது, வயசான கப்பல் துறைமுகத்துல நங்கூரம் போட்டு சும்மா நிக்குது, பக்கத்துல ஒரு துடுப்புப் படகு போகுது, அவ்ளோதான். 1922ல டிரை டாக்ல, அதாவது தண்ணிய வடிச்ச கப்பல் தொட்டில, ஏத்துற வரைக்கும் அது தண்ணிலதான் கெடந்துச்சு. உடம்பு பூரா கருப்பு வெள்ளைப் பட்டை. இப்ப நேர்ல போனா வெள்ளைக்கு பதிலா வெளிறிப்போன மஞ்சள்தான் இருக்கும், அது ட்ரஃபால்கர் காலத்து கலர்னு ஆராய்ச்சி பண்ணி 2015ல அடிச்சது, அதனால ஓவியர் தப்பா போட்டுட்டார்னு யாரும் கெளம்பிடாதீங்க.

வானம் லேசா ரோஸ். பக்கத்துல நின்ன அம்மா "என்னா சன்செட்"னு உருகிட்டு இருந்தாங்க. ஏலக்காரர் சிரிச்சுகிட்டே ஃப்ரேமைக் கழட்டி படத்தச் சுத்தி ஓரத்த மூடுற மவுன்ட் அட்டைய தூக்கிக் காட்டினார், அட்டை மூடியிருந்த ஓரத்துல மட்டும் விரல் அகலத்துக்கு நல்ல சாம்பல் நீலம்! அவுரி நீலத்துல செங்காவி கலந்து மேகம் போடுவாங்களாம், வெளிச்சம் பட்டுப் பட்டு அவுரி போயிடும், காவி மட்டும் நிக்கும். 1888லயே ரஸ்ஸல், ஆப்னின்னு ரெண்டு பேர் இத சோதிச்சு கவர்மென்ட்டுக்கு ரிப்போர்ட்டே குடுத்திருக்காங்க.

—

கையெழுத்து இருக்கறதா தேடுறீங்கன்னா டபிள்யூ. ஃப்ரெட் மிட்செல் படம் பாருங்க. சின்ன வயசுலயே காது கேக்காம போன மனுஷன், ஆயிரக்கணக்குல கப்பல் வரைஞ்சு தள்ளியிருக்கார், ஓரத்துல பேரோட நம்பரும் போட்டிருப்பார். லண்டன் கிரீனிச்ல இருக்கற கடல்சார் மியூசியத்துல நெறைய இருக்கு. நான் ஒண்ணை கிட்டப் போய் பாத்தேன், கயிறு ஒவ்வொண்ணும் தலைமுடி மாதிரி, எது எங்க கட்டியிருக்குன்னு எண்ணலாம். கலைன்னு சொல்றதவிட கப்பலுக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோன்னுதான் சொல்வேன், எனக்கு அதான் புடிச்சிருக்கு. அலை நுரைக்கு சில ஓவியர்ங்க வெள்ளையே வைக்க மாட்டாங்க, கத்தியால பேப்பரை சொரண்டி விட்டிருப்பாங்க, சாய்ச்சுப் பாத்தா பேப்பர் பிசிறு தெரியும். பிரிண்ட்ல அது வராது, வாங்கறவங்க இதக் கவனிங்க.

—

நான் படம் பாக்கேல்ல, கப்பலையே பாத்தனான். இங்கிலாந்தில ஹார்ட்டில்பூல்ல எங்கட திருகோணமலைப் பேரோட (டிரிங்கோமலி) பழைய போர்க்கப்பல் ஒண்டு நிக்குது, 1817ல பம்பாயில தேக்குல கட்டினது, இப்பவும் மிதக்குது. அந்தக் கருப்பு வெள்ளைப் பட்டை அதில அப்பிடியே இருக்கு. அண்ணை, அந்த விக்டரிப் படம் கடைசியா என்ன விலைக்குப் போனது?

—

நான் மனசுல வச்சிருந்த காசுக்கு மேல போயிடுச்சுங்க. எடுத்தது அந்த சன்செட் அம்மாதான்.