வெண்கலக் கோடரி ஒன்று: "செல்டிக்" என்கிறார் விற்பவர், என்ன பெறும்?

வில்லியனூர்:
புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு வீட்டுச் சாமான்களோடு ஒரு வெண்கலக் கோடரி விலைக்கு வந்திருக்கிறது. நீளம் 13 செ.மீ., எடை 290 கிராம். மேலே சதுரக் குழி, பக்கத்தில் சின்ன வளையம். குழிக்குள் மண் இறுகிக் கிடக்கிறது. விற்பவர் "செல்டிக் (பழைய ஐரோப்பிய இனத்தாரின்) போர்க்கோடரி" என்று 2 லட்சம் ரூபாய் சொல்கிறார். தேய்த்துச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாமா?

தேவனாம்பட்டினம்:
புளி, எலுமிச்சை, பிராஸோ எதுவும் வேண்டாம் சார். களிம்பு (மேலே படிந்த பச்சைப் படலம்) போனால் விலையும் போச்சு. மண்ணையும் நோண்டாதீங்க, அது வார்ப்பின்போது உள்ளே வைத்த மண்ணாக இருக்கலாம்.

நீங்கள் சொல்லும் வடிவம் பிரான்சின் பிரிட்டானி பகுதிக் கோடரியோடு ஒத்துப்போகிறது. கி.மு. 800–600 வாக்கில் ஆயிரக்கணக்கில் வார்த்து, கட்டுக்கட்டாகப் புதைத்தார்கள். மோர்-த-பிரெத்தாஞ் ஊரில் கிடைத்த புதையலில் மட்டும் சுமார் 4000. பலவற்றில் ஈயம் ஏராளம், விளிம்பு தீட்டவே இல்லை. மரத்தில் போட்டாலே மழுங்கிவிடும். இதில் எங்கே போர்? லா தேன் எனும் ஐரோப்பிய இரும்புக் காலத்துச் செல்டிக் வாள் இரும்பு, கி.மு. 450-க்குப் பிந்தியது. அது வேறு, இது வேறு.

ஐரோப்பிய ஏலத்தில் இந்த வகை சாதாரணமாகச் சில நூறு யூரோதான். பழைய சேகரிப்பு எண்ணோ சீட்டோ இருந்தால் கொஞ்சம் ஏறும். 2 லட்சம் பகல் கொள்ளை.

வைத்திக்குப்பம்:
முதலில் அசலா என்று பாருங்க. பஞ்சில் அசிட்டோன் தொட்டு மறைவான இடத்தில் ஒற்றினால் பச்சை ஏறக்கூடாது, ஏறினால் பெயிண்ட். 10 மடங்கு லென்ஸில் இரண்டு பக்கமும் அச்சு சேர்ந்த கோடு தெரியணும். நகைக்கடையில் உலோகக் கலவையைப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே) மெஷினில் துத்தநாகம் 10, 20 சதவீதம் வந்தால் அது பித்தளை, பிற்கால வார்ப்பு. ஈயக் கணக்கை மட்டும் அப்படியே நம்பாதீங்க, மெஷின் படிப்பது மேல்தோலை. களிம்பில் விகிதம் மாறியிருக்கும்.

வில்லியனூர்:
நன்றி. பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் எடுத்தது என்றும் சொல்கிறாரே?

தேவனாம்பட்டினம்:
அப்படியானால் கிட்டவே போகாதீங்க. அங்கே 1945-இல் தொல்லியலாளர் வீலர் எடுத்தது ரோமானிய ஆம்போராவும் (இரு கைப்பிடி ஜாடி) அரெட்டைன் எனும் இத்தாலியச் சிவப்பு மட்கலங்களும். இந்தக் கோடரிக்கும் அதற்கும் 500 வருஷத்துக்கு மேல் இடைவெளி. தப்பித்தவறி உண்மையாக மண்ணில் எடுத்ததென்றால் 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்திருக்கணும். எப்படி வந்திருந்தாலும் 100 வருஷம் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. யூரோ விலையைக் காட்டி இங்கே பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

வைத்திக்குப்பம்:
வாங்கினால் கடல்காற்று படாமல் மூடின டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க. வெளிர்பச்சை மாவு உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு, துடைத்தாலும் திரும்ப வரும். உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்க. கையுறை போட்டே தொடுங்க, ஈயம் நச்சு.